புதுப்பிப்பு: ஜெர்மன் சாக்லேட் கேக் இந்த முறை நிமிர்ந்து நின்றது

போன வாரம் என் கேக்கின் மூன்று அடுக்குகளும் நடுவில் குழிந்து, தேங்காய்ப் பூரணமும் வழிந்தோடியதாக எழுதியிருந்தேன். நேற்று மறுபடி செய்தேன். அருமையாக வந்துவிட்டது!

போன முறை குழிந்ததற்குப் பழைய சமையல் சோடாதான் காரணம். வினிகரில் போட்டுப் பார்த்தேன், நுரைக்கவே இல்லை. மோரின் புளிப்போடு சேர்ந்து மாவை உப்ப வைப்பதே அதுதானே. புதுப் பாக்கெட் வாங்கினேன். முதல் 25 நிமிடம் ஓவன் கதவையும் திறக்கவில்லை.

பூரணத்துக்கு மஞ்சள் கரு, சர்க்கரை, வெண்ணெய், எவாப்பரேட்டட் மில்க் (நீர் வற்றவைத்த கெட்டிப் பால்) நான்கையும் மிதமான தீயில் 12 நிமிடம் கைவிடாமல் கிளறினேன். கரண்டியின் பின்புறத்தில் திக்காக ஒட்ட வேண்டும். அப்புறம்தான் தேங்காய்த் துருவலும் பீக்கன் பருப்பும். போன முறை சூட்டோடு தடவியது பெரிய தப்பு; இப்போது முழுக்க ஆறவிட்டேன்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனி நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1852இல் அமெரிக்காவில் சாமுவேல் ஜெர்மன் என்பவர் உருவாக்கிய இனிப்புச் சாக்லேட்டிலிருந்து வந்த பெயர். 1957இல் டல்லாஸ் நாளிதழ் ஒன்றில் செய்முறை வந்தபின் நாடெங்கும் பரவியது.

பக்கங்களில் எதுவும் பூசவில்லை. அடுக்குகள் வெளியே தெரிவதுதான் இந்தக் கேக்குக்கு அழகு.