விகதகுமாரன்: 1928ஆ, 1930ஆ?

நாஞ்சிலான்: மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோஸி, 1928இல் ‘விகதகுமாரன்’ என்ற முதல் மலையாள ஊமைப்படம் ஒன்றிலேயே நட்சத்திரமாகிவிட்டார் என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சலாகிவிட்டது. எந்த நட்சத்திரம் ஐயா? புலையர் வீட்டுப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் திரைமேல் கல் எறிந்தார்கள். முதல் காட்சிக்கு ரோஸியை உள்ளேயே விடவில்லை. குடிசையைக் கொளுத்தினார்கள். லாரியில் ஏறித் தப்பி, லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையைக் கட்டிக்கொண்டு, நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரிலேயே வாழ்ந்து முடிந்தவர் அவர்.

பழைய ரீல்: எல்லாம் சரி, வருஷம்தான் தப்பு. படம் திரைக்கு வந்தது 1930 அக்டோபர் 23.

தரை டிக்கெட்: வந்துவிட்டார் வாத்தியார். 1928 நவம்பர் 7 என்றுதான் இத்தனை காலமும் எழுதினார்கள்.

பழைய ரீல்: எழுதினார்கள், பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். எடுக்க ஆரம்பித்தது வேறு, திரையிட்டது வேறு. அக்டோபர் 23.

தரை டிக்கெட்: 1931இல் தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ பேசியே விட்டது. அதற்கு முந்தின வருஷம் போய் ஊமைப்படமா?

பழைய ரீல்: 1933இல் மலையாளத்தில் ‘மார்த்தாண்ட வர்மா’ ஊமைப்படமாகத்தானே வந்தது? கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

தரை டிக்கெட்: தம்பி கிம்பி எல்லாம் வேண்டாம். தமிழின் முதல் ஊமைப்படம் ‘கீசக வதம்’ 1916ஆ 1918ஆ என்று போன மாதம் நாலு நாள் இழுத்தவர்தானே நீங்கள்?

செம்பருத்தி: ரோஸி காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். படத்தில் நாளுக்கு 5 ரூபாய், 10 நாள் வேலை. மதியச் சோற்றைக் கையோடு கட்டிக்கொண்டு போவாராம். இதைப் பற்றிப் பேச இங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. படச்சுருள்கூட மிஞ்சவில்லை, தேதிக்கு மட்டும் அடிதடி.

பழைய ரீல்: சுருள் மிஞ்சாததால்தான் அம்மா தேதி முக்கியம். 1930.

நாஞ்சிலான்: படம் எடுத்த ஜே.சி. டேனியல் எங்கள் அகஸ்தீஸ்வரத்துக்காரர். 1975இல் இறந்ததும் அங்கேதான். மலையாள சினிமாவின் தந்தை ஒரு தமிழர் என்பதை இந்தச் சண்டையில் எல்லாரும் வசதியாக மறந்துவிட்டீர்கள்.

செம்பருத்தி: ரோஸியைப் பற்றி ஆரம்பித்ததே நீங்கள்தான். இப்போது டேனியலுக்குப் பட்டா போடுகிறீர்கள்.

தரை டிக்கெட்: அப்போது அகஸ்தீஸ்வரம் திருவிதாங்கூர் அண்ணே. 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

நாஞ்சிலான்: ஊர் எந்த ராஜாவிடம் இருந்தால் என்ன, வீட்டில் பேசினது எந்த மொழி?

பழைய ரீல்: மொழிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 7க்கு ஆதாரம் எங்கே என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

தரை டிக்கெட்: எப்போது கேட்டீர்கள்? மேலே போய்ப் பாருங்கள், கேட்கவே இல்லை.

பழைய ரீல்: இப்போது கேட்கிறேன். கீசக வதத்துக்குத் தனியாக வாருங்கள், அதிலும் உங்கள் கணக்கு தப்பு.