மேஜிக் கடையில் சனிக்கிழமை கூடுபவர்களோடு எப்படிச் சேருவது?

புதுச்சீட்டு:
சென்னையில் ஒரு மேஜிக் சாமான் கடை. சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் அங்கே உட்கார்ந்து சீட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு பழகிக் கற்றுக்கொள்ள ஆசை. என்ன வாங்கிக்கொண்டு போவது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது? இன்னொன்று: டபுள் லிஃப்ட் (மேலிருக்கும் இரண்டு சீட்டை ஒற்றைச் சீட்டுபோலச் சேர்த்துத் திருப்புவது) செய்தால் இரண்டு சீட்டும் பிரிந்து தெரிகிறது. ஏன்?

சுண்டுவிரல்:
கடைசிக் கேள்விக்கு முதலில். கையில் இருப்பது முழு பிளாஸ்டிக் ரம்மி சீட்டா? அது வழுக்கும், சுண்டுவிரலில் பிரேக் (அந்த இரண்டு சீட்டுக்கும் கீழே விரல் நுனியால் பிடித்துவைக்கும் சிறு இடைவெளி) நிற்காது. பேப்பர் சீட்டு, போக்கர் அளவு, 63 × 88 மி.மீ. வாங்குங்கள். பைசைக்கிள் பிராண்டில் ‘ரைடர் பேக்’ என்ற கட்டு தாராளமாகப் போதும். பின்பக்கத்தில் வெள்ளை ஓரம் அவசியம். நடுவில் ஒரு சீட்டு மல்லாந்து கிடந்தாலும் சீட்டுக்கட்டை லேசாக விரிக்கும்போது அந்த ஓரம்தான் காப்பாற்றும்.

நல்ல சீட்டிலும் பிரிந்தால் பிடியில் கோளாறு. மூலையைக் கிள்ளித் தூக்கினால் மேல் சீட்டு மட்டும் நழுவும். கட்டைவிரலை உங்கள் பக்கக் குறுகிய விளிம்பிலும் நடுவிரலை எதிர் விளிம்பிலும் வையுங்கள். ஆள்காட்டி விரலை மடக்கிச் சீட்டின் முதுகில் லேசாக அழுத்துங்கள். சீட்டு கொஞ்சம் வளையும், வளைந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். பிரேக்கை, பேசிக்கொண்டே கட்டைச் சீர்செய்யும்போதே எடுத்துவிட வேண்டும். திருப்பப் போகும் நேரத்தில் எடுத்தால் எல்லார் கண்ணும் அங்கேதான் இருக்கும். இடையிடையே நிஜமாகவே ஒற்றைச் சீட்டைத் திருப்பிப் பழகுங்கள். இரண்டுக்கும் ஒரே வேகம், ஒரே சத்தம்.

நம்ம ஊர் ஈரக்காற்றில் பேப்பர் உப்பிவிடும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். முகப்பவுடர் மட்டும் வேண்டாம், திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும்.

கல்லாப்பக்கம்:
வாங்குவது: சிவப்பு முதுகுச் சீட்டுக்கட்டு இரண்டு, நீலம் ஒன்று, 4 செ.மீ. ஸ்பாஞ்ச் பந்து நான்கு, ஒரு தம்ப் டிப் (கட்டைவிரல் நுனியில் மாட்டும் போலி விரல்), 15 செ.மீ. பட்டுத்துணி. இதற்கு மேல் முதல் ஆறு மாதம் எதையும் தொடாதீர்கள்.

கடைக்காரர் செய்து காட்டுவதெல்லாம் அவருக்குச் சாதகமான கோணத்தில்தான். பக்கவாட்டில் ஆள் நின்றால் தெரியுமா, முன்னேற்பாடு எவ்வளவு, முடிந்ததும் பொருளைப் பார்வையாளர் கையில் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள். பாக்கெட்டைப் பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள். நீங்கள் காசு கொடுப்பதே ரகசியத்துக்குத்தானே!

நாணய சாமானில் ஏமாறுகிறவர்கள் அதிகம். இறக்குமதிச் சரக்கு பெரும்பாலும் அமெரிக்க அரை டாலர் அளவுக்குச் செய்தது, 30.6 மி.மீ. நம்ம 10 ரூபாய் 27 மி.மீ., உள்ளே ஆடும். ஸ்டீல் 1, 2 ரூபாய் காந்தத்தில் ஒட்டும், 10 ரூபாய் ஒட்டாது. காந்த சாமான் வாங்குமுன் எந்த நாணயத்தில் செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எதிர்நாற்காலி:
பழக்கத்துக்கு வருவோம். “அதை எப்படிச் செஞ்சீங்க?” என்று ஆரம்பித்தால் கதவு அன்றே சாத்தப்படும். அந்த மேசையில் இருப்பவர்களுக்கு வித்தை நிறையத் தெரியும், பார்வையாளர்தான் கிடைப்பதில்லை. எல்லாரும் எல்லா முறையையும் அறிந்தவர்கள், ஆகவே அசலாக ஏமாற ஆளில்லை. உங்களிடம் இருப்பது பழகாத கண். செய்யச் சொல்லிப் பாருங்கள், முடிந்ததும் “சீட்டைப் பெட்டி மேல வெச்சப்ப உங்க இடது கையைப் பார்த்தேன் அண்ணே” என்று இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள். அவருக்கு அது பொன். அடுத்த வாரம் அவரே நாற்காலி இழுத்துப் போடுவார்.

நீங்கள் செய்து காட்டுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், முடிவுவரை தடங்கலில்லாமல். சொந்தச் சீட்டு கொண்டுபோங்கள், அடுத்தவர் கட்டைக் கேட்காமல் தொடாதீர்கள். சும்மா உட்கார்ந்து கடையில் இடத்தை அடைக்காமல் அவ்வப்போது ஒரு கட்டாவது வாங்குங்கள்.

கடை மேசையில் தொடங்கியது சங்கமாக வளர்வதும் உண்டு. அமெரிக்க மேஜிக் நிபுணர் சங்கம் 1902-இல் நியூயார்க்கில் மார்ட்டின்கா கடையின் பின்னறையில்தான் பிறந்தது.

புதுச்சீட்டு:
நன்றி. வீட்டில் பார்த்துப் பழக, அவர்கள் செய்வதை போனில் படம் பிடிக்கலாமா?

எதிர்நாற்காலி:
கேட்காமல் பிடிக்காதீர்கள். நீங்கள் செய்வதைப் படம் பிடித்து எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் காட்டுங்கள். கேமராவைப் பார்வையாளர் கண்மட்டத்தில் வைத்து எடுங்கள், கண்ணாடி முன் பழகினால் தெரியாமலே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் வரும். டபுள் லிஃப்டின்போது நிறையப் பேருக்கு அது இருக்கிறது.