அண்ணனுக்கு பி.டி.எஸ்.டி.: சிகிச்சை எடுத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் கார் விபத்தில் சிக்கி 7 மாதம் ஆகிறது. கை எலும்பு கூடிவிட்டது, ஆள்தான் இன்னும் அந்தச் சாலையிலேயே நிற்கிறார். பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. ராத்திரி வியர்த்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். விபத்துப் பேச்சை எடுத்தாலே அறையை விட்டுப் போய்விடுவார். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். எங்கள் தப்புதான்.

போன வாரம் ஒருவழியாக மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு மனதில் தங்கிவிடும் பாதிப்பு) என்றார். இந்த அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்களாம். இரண்டு வழி சொன்னார். ஒன்று, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சை. இன்னொன்று, கண்ணை இடமும் வலமும் அசைத்தபடியே அந்த நினைவைக் கொண்டுவரும் இ.எம்.டி.ஆர். (எனக்கு மந்திரவாதம் மாதிரி இருந்தது, ஆனால் 1980களின் கடைசியிலிருந்தே இருக்கிறதாம்.) தேவைப்பட்டால் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்க்கலாம் என்றார்.

இதில் எதையாவது எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? ஆரம்பத்தில் கெட்ட கனவு அதிகமானதா? எத்தனை அமர்வுக்குப் பிறகு வித்தியாசம் தெரிந்தது? அப்புறம் ராத்திரி அலறி எழும்போது தொட்டு எழுப்பலாமா, தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது நல்லதா?

பெரிய சிக்கல் இதுதான்: "எனக்கென்ன பைத்தியமா?" என்று அடுத்த அமர்வுக்கு வர மறுக்கிறார். உங்கள் வீட்டில் எப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்தீர்கள்? மருந்து அளவு மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், அதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறோம்.