பாவு தூக்குனதுல இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க, கைரோபிராக்டிக் போலாமுங்களா?

சோமனூர் தறிக்காரன்:
ரெண்டு வாரமா தறிப்பக்கமே போகலீங்க. பாவு பீம், அதாங்க நூல் சுத்துன உருளை, அதைத் தறியில ஏத்துறப்ப சுளீர்னுச்சு. இப்ப நூல் அறுந்தா குனிஞ்சு முடிச்சுப் போட முடியல, கூலியும் நின்னு போச்சு. கோயமுத்தூர்ல கைரோபிராக்டிக்னு சொடக்கு எடுக்கறாங்களாமா. போனா தறிக்குத் திரும்பலாமுங்களா?

பல்லடம் பிசியோ:
தம்பி, தொடை இடுக்கு மரத்துப் போகுதா, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் இருக்குதா? இருந்தா இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. இல்லீன்னா பயப்படாதீங்க. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியோட 2017 வழிகாட்டுதல், இப்படி முதுகெலும்பை அசைச்சு விடறதையும் ஒரு வைத்திய முறையாச் சொல்லுது. வலி கொஞ்சம் கொறையலாம், ஆனா அது மட்டும் வேலைக்கு அனுப்பி வெக்காது. படுத்தே கெடக்காதீங்க.

திருப்பூர் செக்கிங் அக்கா:
எனக்குச் சொடக்கு எடுத்து ரெண்டு நாள் சொகம். மூணாம் நாள் டேபிள்ட்ட நின்னதும் பழைய குருடி கதவைத் திறடிதான். தேத்துனது நடையும், சூப்பர்வைசர் குடுத்த ஸ்டூலும். லீவு நாளுக்கு ஈ.எஸ்.ஐ.ங்கற தொழிலாளர் காப்பீட்டுல 70 சதவீதச் சம்பளம் வந்துச்சு, வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் தருவாங்க. உங்க ஓனர் கட்றாருங்களா?

சோமனூர் தறிக்காரன்:
எங்கீங்க்கா கட்றாங்க! ஒண்ணுக்கெல்லாம் சரியாப் போகுதுங்க. நாளைக்குக் குட்டையைச் சுத்தி நடந்து பாக்கறன். பாவை மச்சான் தூக்கட்டும்.