முட்டை நூடுல்ஸ் இரண்டு தடவையும் சொதப்பல். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது வழி சொல்லுங்கள்

டோல்கேட் பொண்ணு | திங்கள், இரவு 10.40

வணக்கம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "பாக்கெட் வாங்கிக்கோ" என்றுதான் முதல் பதில் வரும்.

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் ஆகிறது. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே நின்றுகொண்டே அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிடுவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். இப்போது மாடிப்படி இறங்கவே ஆள் வேண்டும். பார்சல் வாங்கி வந்து பார்த்தேன். தண்டையார்பேட்டை வருவதற்குள் முட்டைகோஸ் தண்ணீர் விட்டு எல்லாம் ஊறிப்போய்விடுகிறது. "இது அத்தோ இல்லம்மா, அத்தோ கூட்டு" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். பாக்கெட் நூடுல்ஸில் செய்து கொடுத்தேன், அதையும் தொடவில்லை. சரி, நூடுல்ஸையே வீட்டில் செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் தடவை: மைதா 2 கப், முட்டை 4, உப்பு 1 ஸ்பூன், கொஞ்சம் எண்ணெய். சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்தேன். தேய்க்கும்போது கட்டையில் ஒட்டியது, மாவு தூவித் தூவி எப்படியோ தேய்த்து, கத்தியால் வெட்டித் தட்டில் குவித்து வைத்தேன். தண்ணீர் கொதிப்பதற்குள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. வேகவைத்து எடுத்தபோது வரி போட்ட கொழுக்கட்டை. மீதி மாவை ஓமப்பொடி அச்சில் பிழியச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக விழுந்து கரைந்தே போனது.

இரண்டாவது தடவை: அதே 2 கப் மைதா, முட்டை இரண்டே இரண்டு. மாவு கல் மாதிரி வந்தது. பிசைந்த கையோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தேய்த்தேன். ஓரமெல்லாம் வெடித்தது. வெட்டிய நூல் தண்ணீரில் போட்டதும் ஒடிந்தது.

என்னிடம் மெஷின் இல்லை, ஓவன் இல்லை. பூரிக்கட்டை, கத்தி, சமையல் தராசு உண்டு. எங்கே தப்பு?

கல்மண்டபம் | திங்கள், இரவு 11.05

இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம்? சூப்பர் மார்க்கெட்டில் முட்டை நூடுல்ஸ் பாக்கெட் இருக்கே.

டோல்கேட் பொண்ணு | திங்கள், இரவு 11.07

சொன்னேன் இல்லையா.

மாவுக்கை | செவ்வாய், காலை 5.50

தங்கச்சி, பதினெட்டு வருடமாக மாவுதான் எனக்குப் பிழைப்பு, ராயபுரம் பக்கம் ஒரு பேக்கரியில். விடியற்காலை வேலை முடிந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதல் தப்பு, கப் கணக்கு. ஒரு கப் மைதா ஏறக்குறைய 125 கிராம். இரண்டு கப் என்றால் 250. நாம் வாங்குகிற பிராய்லர் முட்டையில் ஓட்டை நீக்கினால் 45 முதல் 50 கிராம் வரும். நாலு முட்டைக்கு 190 கிராம் என்று வை. முட்டையில் முக்கால்வாசி தண்ணீர்தான். 250 மாவுக்கு 190 முட்டை ஊற்றினால் அது நூடுல்ஸ் மாவு இல்லை, போண்டா மாவுக்குத் தம்பி. நீ தூவிய மாவெல்லாம் அந்த ஈரத்தைத்தான் துரத்திக்கொண்டிருந்தது.

100 கிராம் மாவுக்கு 45 முதல் 48 கிராம் முட்டை, அதற்கு மேல் வேண்டாம். 250 கிராமுக்கு இரண்டு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும் சரியாக வரும். நாட்டுக்கோழி முட்டை சின்னது, அதனால் எண்ணாதே, உடைத்து ஊற்றி நிறுத்துப் பார். உப்பு அரை ஸ்பூன் போதும். பிசையும்போது எண்ணெய் வேண்டாம்.

இன்னொரு விஷயம் கவனித்தாயா? இரண்டாவது தடவை நீ சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டு அவசரத்தில் கோட்டை விட்டிருக்கிறாய். இரண்டு முட்டை கொஞ்சம் குறைவுதான், ஆனால் வெடித்ததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. மாவை ஊறவே விடவில்லை, மேலே ஃபேன் வேறு.

நூடுல்ஸ் மாவு சப்பாத்தி மாதிரி இருக்கக் கூடாது. முதலில் உதிரி உதிரியாக, புட்டு மாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்த மாதிரி இருக்கும். "இது சேராது" என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் தண்ணீர் ஊற்றிக் கெடுப்பார்கள். ஊற்றாதே. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தித் தள்ளு, மடி, திருப்பு, மறுபடி தள்ளு. மூன்றாவது நிமிடம் மணிக்கட்டு வலிக்கும். ஐந்து நிமிடத்தில் ஒரே உருண்டையாகச் சேரும், மேலே மட்டும் சொரசொரப்பு. அப்போது நிறுத்து. கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிப் பதினைந்து நிமிடம் விடு. திரும்ப வந்து இரண்டு நிமிடம் பிசைந்தால் அதே மாவு உன் கையில் வழவழவென்று ஆகியிருக்கும். நீ ஒன்றும் செய்யவில்லை, அதுவே ஈரத்தைச் சமமாகக் குடித்துக்கொண்டது. அப்புறம் இன்னும் அரை மணி நேரம் மூடி வை. பிசைந்தவுடன் தேய்த்தால் மாவு ரப்பர் மாதிரி இழுத்துக்கொள்ளும், பலவந்தம் பண்ணினால் ஓரம் வெடிக்கும். ஊறிய மாவு கட்டைக்கு இணங்கி வரும்.

ஓமப்பொடி அச்சை மறந்துவிடு. கடலை மாவுக்கும் அரிசி மாவுக்கும் செய்தது அது. கோதுமை மாவின் பலம், பிசைந்து தேய்க்கும்போது இழை இழையாக இழுபடுவதில் இருக்கிறது. தளர்ந்த மாவை ஓட்டை வழியாகத் தள்ளினால் அந்தப் பலம் வராது.

சோறுதான் சொர்க்கம் | செவ்வாய், காலை 9.20

கொதிக்கிற தண்ணீரில் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்க சிஸ்டர், ஒட்டவே ஒட்டாது. எங்க வீட்டில் அப்படித்தான்.

மாவுக்கை | செவ்வாய், காலை 9.45

எண்ணெய் மேலே மிதக்கும், நூடுல்ஸ் உள்ளே கிடக்கும். ரெண்டும் சந்திப்பது வடிக்கும்போதுதான். தங்கச்சிக்கு ஒட்டியது தண்ணீருக்குள் இல்லை, தட்டிலேயே. தேய்த்த தகட்டை வெட்டுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் துணிமேல் காயவிட வேண்டும். தொட்டால் ஈரம் தெரியக் கூடாது, மடித்தால் ஒடியவும் கூடாது. ஃபேன் வேண்டாம், மேலே மட்டும் காய்ந்து ஓடு கட்டிவிடும். அப்புறம் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவி, புடவை மடிப்பு மாதிரி மடித்து வெட்டி, உடனே உதறிப் பிரித்துப் போடு. மைதா தூவினால் அது ஈரத்தில் பசையாகும், சோளமாவு சீக்கிரம் ஆகாது. 100 கிராம் நூடுல்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும், நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். பச்சை நூடுல்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும்.

பர்மா காலனி பேரன் | செவ்வாய், இரவு 8.30

மாவுக்கை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அக்கா, உங்கள் அப்பா கேட்பது முட்டை நூடுல்ஸா, அத்தோ நூடுல்ஸா?

எங்கள் ஆயா ரங்கூனில் பிறந்தவர். 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கிய பிறகு, கப்பலேறி இங்கே வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. வியாசர்பாடியில் எங்கள் தெருவில் சாயங்காலமானால் பூண்டு பொரிகிற வாசனைதான். பர்மியத்தில் "அதோக்" என்றால் கையால் பிசைந்து கலந்தது. அதுதான் இங்கே அத்தோ ஆனது. அந்தப் பிசைவைத் தாங்குகிற நூல் வேண்டும். முட்டை மட்டும் போட்ட நூடுல்ஸ் மிருதுவாக, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் ஊற்றிப் பிசைந்தால் தொய்ந்துவிடும். கடை நூடுல்ஸில் பல்லுக்கு ஒரு எதிர்ப்பு இருக்கும் பாருங்கள், அதற்குக் கொஞ்சம் காரம் சேர்க்க வேண்டும். மிளகாய்க் காரம் இல்லை, சோடாக் காரம். சீனர்கள் நூடுல்ஸுக்குச் சேர்ப்பதும் இதுதான். மாவு இறுகும், லேசாக மஞ்சளும் ஏறும். கடை நூடுல்ஸின் அந்த ஆரஞ்சு நிறம் மட்டும் கலர்ப்பொடி வேலை, அதை விட்டுவிடுங்கள்.

ஆப்ப சோடாவை அப்படியே போட்டால் பலம் போதாது. வறுக்க வேண்டும். 100 கிராம் சோடாவை இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் தூள் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், பயப்படாதீர்கள், உள்ளிருந்து ஆவியும் காற்றும் கிளம்புகிற ஆட்டம் அது. ஆட்டம் அடங்கியதும் ஆறவைத்து நிறுத்துப் பாருங்கள். 63 கிராம் பக்கம் இறங்கியிருந்தால் முழுதாக மாறிவிட்டது. கூட இருந்தால் இன்னும் வறுக்கவும். ஈரக்கையால் தொடாதீர்கள், எரியும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், யாராவது இட்லி மாவில் போட்டுவிடப் போகிறார்கள்.

250 கிராம் மைதாவுக்கு இதில் அரை டீஸ்பூன், தலை தட்டி. ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, இரண்டு முட்டையோடு அடித்து ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் இருப்பதால் மூன்றாவது மஞ்சள் கரு தேவையில்லை.

டோல்கேட் பொண்ணு | செவ்வாய், இரவு 9.10

அத்தோவேதான் தம்பி! ஒரு சந்தேகம். வீட்டில் அப்பளக்காரம் இருக்கிறது, அதைப் போட்டால் ஆகாதா?

பர்மா காலனி பேரன் | செவ்வாய், இரவு 9.25

அதுவும் இதே சாதிதான். ஆனால் கடைக்குக் கடை கலவை மாறும், அளவு சொல்ல முடியாது. கூடிப்போனால் சோப்பு வாடை வரும். துணி துவைக்கிற சோடா இருக்கிறதே என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், அது சாப்பிடுகிற தரம் இல்லை.

வெந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, நன்றாக வடித்து, பூண்டு பொரித்த எண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டுப் பிரட்டி வையுங்கள். எண்ணெய்க்கு வேலை இங்கேதான், சோறுதான் சொர்க்கம் கோபிக்காதீர்கள். முட்டைகோஸும் வெங்காயமும் சாப்பிடுகிற நேரத்தில்தான் சேர வேண்டும். வாழைத்தண்டு சூப்பை மறந்தால் அப்பா மறுபடி தட்டை நகர்த்துவார்.

டோல்கேட் பொண்ணு | ஞாயிறு, இரவு 9.55

செய்துவிட்டேன்!

சோடா வறுத்தபோது நிஜமாகவே அலையடித்தது, அம்மா அடுப்படிக்குள் வரவே மாட்டேன் என்றார். முதல் நிறுவையில் 71 கிராம், மறுபடி வறுத்தேன், 64-இல் நின்றது. மாவு பிசையும்போது நாலாவது நிமிடத்தில் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டேன். மாவுக்கை அண்ணன் திட்டுவது காதில் விழுந்தது, கீழே வைத்துவிட்டேன். பதினைந்து நிமிடம் கழித்துக் கிண்ணத்தைத் திறந்தால் வேறு மாவு. யாரோ மாற்றி வைத்த மாதிரி.

நூல் ஒரே அளவாக வரவில்லை. சிலது ஷூ லேஸ், சிலது நாடா. ஆனால் ஒட்டவில்லை, ஒடியவில்லை. தண்ணீரில் போட்டதும் மஞ்சள் எழும்பியது, மூன்று நிமிடத்தில் எடுத்தேன்.

அப்பா முதல் வாய் மென்றுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய்க்குப் பிறகு, "நின்னு சாப்பிடணும்" என்றார். வாக்கரைப் பிடித்து எழுந்து, சமையல் மேடைமேல் தட்டை வைத்துக்கொண்டு பாதியை நின்றபடியே முடித்தார். புளி மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.

நாளைக்கும் கேட்கிறார். மீதி மாவு ஒரு உருண்டை ஃபிரிட்ஜில் இருக்கிறது, இப்போதே லேசாகச் சாம்பல் நிறம் தட்டுகிறது. கெட்டுவிட்டதா?

மாவுக்கை | திங்கள், காலை 5.40

கெடவில்லை. நறுக்கிய கத்தரிக்காய் கறுக்கிற மாதிரிதான், பச்சை மாவு காற்றுப் பட்டால் நிறம் மங்கும். இன்றைக்கே செய்துவிடு. பச்சை முட்டை போட்ட மாவு, நம்ம ஊர் வெயிலில் வெளியே வைக்காதே, ஃபிரிட்ஜிலும் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். இனிமேல் மிச்சத்தை உருண்டையாக வைக்காமல் வெட்டி, சோளமாவில் புரட்டி, ஒரு ஆளுக்கு ஒரு சுருளாகச் சுற்றி ஃப்ரீஸரில் போடு. உருக்க வேண்டாம், சுருளை அப்படியே கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் கூட வேகவிட்டால் போதும்.

கல்மண்டபம் | திங்கள், காலை 8.15

அரை டீஸ்பூன் தலை தட்டியா, கோபுரமாவா? எங்க வீட்டில் கேக்குறாங்க.

பர்மா காலனி பேரன் | திங்கள், காலை 8.20

தலை தட்டி.