‘வாஸ்குலர் இன்வால்வ்மென்ட்’: ஈடுபாடு வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

கணையப் புற்றுநோய் ஸ்கேன் அறிக்கைக்கான சொற்பட்டியலில் ‘வாஸ்குலர் இன்வால்வ்மென்ட்’ (கட்டி அருகிலுள்ள இரத்தக்குழாயையும் எட்டியிருப்பது) என்பதற்கு ‘இரத்தக்குழாய் ஈடுபாடு’ என்று இருக்கிறது. எடுத்துவிடலாம். ஈடுபாடு மனத்துக்கு உண்டு, கட்டிக்குக் கிடையாது.

மாற்றாகச் சிலர் சொன்ன ‘ஊடுருவல்’ அதைவிட ஆபத்தானது. மீயொலியில் (அல்ட்ராசவுண்ட்) நாம் தேடுவது கட்டிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே ஓடும் வெண்கோடு. அது அழிந்திருந்தால் கட்டி சுவரைத் தொட்டுவிட்டது எனலாம். சுவருக்குள் புகுந்ததா என்பதை நுண்நோக்கிதான் சொல்ல வேண்டும். கணைய அழற்சியிலும், கதிர்வீச்சுக்குப் பின் வரும் நார்த்திசுவிலும் இதே கோடு அழியும். அவசரப்பட்டு ‘ஊடுருவல்’ என்று எழுதினால், அறுவைக்குத் தகுதியான நோயாளிக்கு அறுவை கிடைக்காமல் போகலாம். கருவி கண்டதற்கு மேல் சொல் பேசக் கூடாது.

என் பரிந்துரை: பொதுச்சொல் ‘குழாய்ப் பற்றுகை’. தீ பற்றியது, நோய் பற்றியது என்ற வழக்கிலிருந்து வருகிறது. அதன்கீழ், குழாயின் சுற்றளவில் 180 பாகை வரை கட்டி தொட்டிருந்தால் ‘தொடுகை’ (அபட்மென்ட்), 180ஐத் தாண்டினால் ‘சூழ்கை’ (என்கேஸ்மென்ட்). ‘ஊடுருவல்’ குழாயின் உள்வெளியில் கட்டித்திசு தெரிந்தால் மட்டும்.

தொடுகை, சூழ்கை இரண்டும் காதில் தெளிவாக வேறுபட வேண்டும். குடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் மேல் மெசென்டெரிக் தமனியில் தொடுகை என்றால் எல்லைநிலை, அதாவது கட்டியை முழுதாக அகற்ற முடியுமா என்பது ஐயத்துக்குரிய நிலை. சூழ்கை என்றால் பொதுவாக நேரே அறுவைக்குப் போவதில்லை. சிரையில் அப்படியல்ல. சூழ்ந்திருந்தாலும், வெட்டி இணைக்க வழியிருந்தால் எல்லைநிலைதான்.

என்கேஸ்மென்டுக்கு ‘உறையிடல்’ வேண்டாம். அதே அறிக்கையில் ‘சிரையில் இரத்த உறைவு’ என்ற வரியும் வரும். ‘அணைவு’ம் வேண்டாம், அது வேதியியலில் ஏற்கெனவே குடியிருக்கிறது.

---

ஐயா, வணக்கம்.

தொடுகை, சூழ்கை இரண்டும் எனக்கு முழுச் சம்மதம். ‘குழாய்ப் பற்றுகை’யில்தான் சிக்கல். கணைய அறிக்கையில் பித்தக்குழாயும் கணையக்குழாயும் வரிக்கு வரி வருகின்றன. எந்தக் குழாய் என்று படிப்பவர் திண்டாடுவார். ‘நாளம்’ என்று மாற்றினாலும் தீராது: தமிழகத்தில் ‘நாளமில்லாச் சுரப்பி’ என்கிறோம், அங்கே நாளம் சுரப்பு ஓடும் வழி. இலங்கைப் பாடநூலில் நாளம் என்றால் சிரை, நாடி என்றால் தமனி, கணையமே அங்கு சதையி. ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று.

ஆகவே பொதுத்தலைப்பில் ‘குருதிக்குழாய்ப் பற்றுகை’ என முழுதாக எழுதுவோம். அறிக்கை வரியில் குழாயின் பெயரையே முன்வைப்போம்: ‘போர்ட்டல் சிரைத் தொடுகை’, ‘மேல் மெசென்டெரிக் தமனிச் சூழ்கை’. இலங்கை வாசகருக்கு நாடி, நாளம் என்ற இணைச்சொற்களையும் சொற்பட்டியல் பதிவில் தர வேண்டும்.

விளக்கக் குறிப்பில் சில எச்சரிக்கைகளையும் சேர்க்கச் சொல்கிறேன். இல்லையென்றால் சொல் சரியாக இருந்தும் பயன்பாடு தவறும். பாகை என்பது குழாயைச் செங்குத்தாக வெட்டிய பார்வையில் அளப்பது. சாய்வெட்டில் குழாய் முட்டை வடிவாகி அளவு பிசகும். நேர்வரிசை எண்டோஸ்கோப்பி மீயொலியில் (வாய்வழியே செலுத்தும் கருவியால் உள்ளிருந்து பார்ப்பது) சிரை பெரும்பாலும் நீளவாக்கில் தெரிவதால், பாகையைச் சி.டி.யோடு ஒப்பிட்டே எழுத வேண்டும். தொடுகையின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும்.

வயிற்றின்மேல் வைக்கும் கருவியை அழுத்திப் பிடித்தால் மேல் மெசென்டெரிக் சிரை தட்டையாகி, கட்டி நெருக்கியதுபோலவே தோன்றும். கையைத் தளர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரில் வண்ண ஏற்றம் கூடினால் நிறம் சுவரைத் தாண்டி வழிந்து அந்த வெண்கோட்டை மூடிவிடும். முதலில் கறுப்பு வெள்ளையில் கோட்டைப் பார்த்து, பிறகு நிறம் ஏற்றுவது நல்லது.

பதிவு இப்படி அமையலாம்:

‘சூழ்கை: கட்டி, குருதிக்குழாயின் சுற்றளவில் 180 பாகைக்கு மேல் தொட்டிருக்கும் நிலை. சுவர் துளைக்கப்பட்டதை இச்சொல் குறிக்காது.’

இரண்டாம் வாக்கியத்தை யாரும் சுருக்கம் கருதி நீக்கிவிட வேண்டாம்.