ஜெல்லிஃபின் ரேம் டிஸ்க் முக்கால் மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் டெபியன் மினி பிசி, 8 ஜிபி ரேம். நம் படங்களை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபினின் டிரான்ஸ்கோட் ஃபோல்டர் (டிவிக்கு ஏற்ற வடிவில் மாற்றிய வீடியோ துண்டுகள் சேருமிடம்) 3 ஜிபி டெம்ப்எஃப்எஸ்ஸில், அதாவது ரேமையே டிஸ்க்காக்கிய இடத்தில் இருக்கிறது. படத்தை முன்னே தள்ளினால் சட்டென்று ஓடுகிறது, அது அருமை. ஆனால் வீடியோ 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்) என்றால் நிமிஷத்துக்கு 60 எம்பி. பார்த்து முடித்த துண்டுகள் அழியாமல் சேர்ந்து, முக்கால் மணி நேரத்தில் டிஸ்க் நிரம்பி, திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது.

துண்டுகளை அழிக்கும் ஆப்ஷனில் 720 வினாடி வைத்தால், முன்கூட்டி மாற்றும் 3 நிமிஷமும் சேர்த்து ஒரு டிவிக்கு 900 எம்பி ஆகும். மூன்று டிவி ஓடினால் 2.7 ஜிபி, விளிம்பில் நிற்கும். எத்தனை வினாடி வரை குறைக்கலாம், பின்னே தள்ளும்போது திணறாமல்? ஸ்வாப்பையும் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) அணைக்க வேண்டுமா? ரேம் நெருக்கடியில் டெம்ப்எஃப்எஸ் அங்கேதானே போய் உட்காரும்!

டேட்டாபேஸை ரேமில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும்.